ஜூலை ஒன்று பிறந்தவர்கள்

கம்பெனி சார்பில் பாலிசிதாரரைத் தொலைபேசியில் அழைப்பவர் முதலில் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும். பிறகு, பாலிசித் தாளில் அச்சிட்டிருக்கும் அலுவலக எண்ணுக்கு அவரையே திரும்ப அழைக்கச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தான் அழைத்த அழைப்பில் பாலிசிதாரரின் சொந்த விவரம் எதையும் கேட்கக் கூடாது. எங்கள் கிளையில் இருந்த பச்சை அட்டைக் கையேட்டின் மூன்றாம் அத்தியாயம் இப்படிச் சொன்னது. ஆரணிக் கிளையில் அந்தக் கையேட்டை முழுக்கப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் இப்போது உயிரோடு இல்லை.

கிளையின் இப்போதைய மேலாளர் கண்மணி, என் மகள் வயது. போன மாதம் வழியில் பார்த்தபோது நிறுத்தினார்.

"சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. ஹெல்த் இன்சூரன்ஸ்னு சொல்லி போன்ல ஏமாத்தறாங்க இல்ல, அதுலருந்து ஜனங்க விவரத்தை எப்படிக் காப்பாத்தறதுன்னு. உங்களுக்குத் தெரியாத ரூலா?"

ரூல் எல்லாம் தெரியும். தெரிந்தவன் கையில்தான் இது நடந்தது. அதனால் இரண்டு பக்கத்தில் அடங்காது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

நான் பி.காம் முடித்து, பொதுக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்தவன். சென்னையில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் மூன்று நாள் கப்பல் காப்பீடு. பயிற்சி முடிந்ததும் ஆரணிக்குப் போட்டார்கள். இங்கே கப்பல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று முப்பத்து நான்கு வருடம் காத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் பட்டு நெய்கிறவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது மருத்துவக் காப்பீடு.

அப்போது கிளை மேலாளராக இருந்தவர் தேவசகாயம் சார். ஒல்லியான உடம்பு, மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட சட்டை, மேசையில் ஒரு மர ஸ்கேல். விண்ணப்பம் அவரிடம் போனால் ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். அந்த வரியைப் படித்து முடித்தபின் ஸ்கேல் ஒரு வரி இறங்கும். தவறு கண்டால் திட்ட மாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். கேள்விக்குறியின் உயரத்தை வைத்துத் தவறின் அளவை நாங்கள் கணித்துக்கொள்வோம். யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். ஆனால் கூட்டிப் பெருக்க வருகிறவர் உட்பட எல்லாரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார்.

அவருக்கு ஆகாதது காலிக் கட்டம்.

"காலியா விட்ட கட்டத்துல எவன் வேணாலும் எதை வேணாலும் எழுதிக்கலாம் பாருங்க. நாம எழுதிட்டோம்னா அப்புறம் வேற எவனும் எழுத முடியாது" என்பார்.

சேவூரிலிருந்து நெசவாளர்கள் பாலிசி எடுக்க வரத் தொடங்கிய காலம் அது. படிவத்தின் நான்காவது கட்டம் பிறந்த தேதி. வயதை எப்படியாவது கணக்குப் போட்டுவிடலாம். "எங்க அண்ணனுக்கு ரெண்டு வயசு சின்னவ சார்" என்பார்கள். அண்ணனின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து ஆண்டை எழுதுவேன். இங்கிலீஷ் தேதி யாருக்கும் தெரியாது. நான்காவது கட்டத்தில் ஆண்டை மட்டும் எழுதி அனுப்பினேன். விரல் நீளத்துக்குக் கேள்விக்குறி போட்டுத் திரும்பி வந்தது.

உள்ளே போய் நின்றேன். தேவசகாயம் சார் எழுந்து, அலமாரியைத் திறந்து, ஒரு பழைய சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். ஆண்டு மட்டும் தெரிந்தால் அந்த ஆண்டின் ஜூலை முதல் தேதி என்று கொள்ள வேண்டும். மாதமும் தெரிந்தால் அந்த மாதம் பதினாறாம் தேதி. நல்ல விதி. நான் மாதத்தையும் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் சொன்னது ஐப்பசி, மாசி. ஒரு தமிழ் மாதம் இரண்டு இங்கிலீஷ் மாதத்தில் கால் வைத்திருக்கும். எதை எழுதுவது என்று புரியாமல், மாதம் கேட்பதையே நிறுத்திவிட்டேன். எல்லாருக்கும் ஜூலை ஒன்று. சேவூரில் ஒரே நாளில் அத்தனை பிரசவம் பார்த்த மருத்துவச்சி எவரும் கிடையாது. நான் பார்த்தேன், நீல மையால்.

பின்னாளில் கம்ப்யூட்டர் வந்து, கைபேசி வந்து, பிறந்தநாளன்று பாலிசிதாரரின் எண்ணுக்கு வாழ்த்துச் செய்தி தானாகப் போகும்படி கம்பெனி ஏற்பாடு செய்தது. ஜூலை ஒன்று காலையில் சேவூர்த் தெருக்களில் தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டுக்கு வீடு போன் ஒலிக்கும். தங்களுக்குள் 'ஜூலை ஒண்ணு சங்கம்' என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தை தேவசகாயம் சார் கடைப்பிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். அப்போது தெருவுக்கு ஒரு போன் இருந்தால் பெரிது. பாலிசிதாரரை நெசவாளர் சங்க அலுவலகத்துக்கு வரவழைத்து, அங்கே இருக்கும் போனுக்குக் கூப்பிடுவார்.

"நான் கிளை மேலாளர் தேவசகாயம் பேசறேங்க. உங்க பாலிசித் தாளை எடுத்துக்கோங்க. அடியில நம்பர் இருக்கும். அந்த நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க. நான் வைக்கிறேன்."

வைத்துவிடுவார். இரண்டு கையையும் கோத்து மேசைமேல் வைத்து, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சில நாள் அரை மணி ஆகும். எதிர்முனையில் தாளைத் தேடி, கண்ணாடியைத் தேடி, எண்ணைச் சுழற்றி, தவறாகச் சுழற்றி, மறுபடி சுழற்றிக் கூப்பிடுவார்கள். அதன்பின்தான் பேச்சு.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அவர்தானே சார் எடுத்தார்? அப்பவே கேட்டிருக்கலாமே."

"அவர் யாருன்னு எனக்குத் தெரியும். நான் யாருன்னு அவருக்கு எப்படிங்க தெரியும்?"

"உங்க குரல் தெரியாதா சார்?"

"குரல் எனக்கு மட்டும்தான் இருக்கா?" என்றார். பென்சில் கையில் இல்லை. இருந்திருந்தால் என் சட்டையில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார்.

அவர் ஓய்வு பெற்றார். காலமானார். கையேடு அலமாரியில் இருந்தது. என் பணிக்காலத்தின் கடைசி வருடத்தில் போன் மோசடிகள் பெருகிவிட்டன. கிளைக்குக் கிளை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. சேவூர் நெசவாளர் சங்க மண்டபத்தில் நான் நடத்தினேன். மூன்றாம் அத்தியாயத்தை அப்படியே சொன்னேன். யார் கூப்பிட்டாலும் வைத்துவிடுங்கள், பாலிசித் தாளில் உள்ள எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள்.

முன்வரிசையில் அலமேலு எழுந்தார். தறியில் பாவு நூல் தீர்ந்ததும் பழைய இழையின் முனையோடு புதிய இழையை முறுக்கிச் சேர்க்கும் வேலை அவருக்கு. சாம்பலைத் தொட்டுத் தொட்டு, ஆயிரக்கணக்கான இழையை விரலாலேயே சேர்ப்பவர். ஒரு இழை மாறினால் கண்டுபிடித்துவிடுவார். பேச்சிலும் அப்படித்தான்.

"நீ சொல்ற நம்பருக்குக் கூப்ட்டுப் பாத்துகினுதான் சார் கீறோம். ஒண்ணு அமுக்கு, ரெண்டு அமுக்கு, ஒம்பது அமுக்குன்னு பாட்டு போட்டுகினே கீது. மனுசன் வாயத் தொறக்கறதுக்குள்ள இங்க ஒரு முழம் நெஞ்சிடலாம்."

மண்டபம் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே, கையேட்டில் இல்லாத ஒரு சுருக்கு வழியைச் சொந்தமாகத் தயாரித்தேன்.

"சரி, இப்படிப் பண்ணுங்க. எவன் போன் பண்ணாலும், என் பொறந்த தேதி இன்னான்னு நீங்க அவனைக் கேளுங்க. எங்க ஆபீசா இருந்தா எழுதி வச்சிருப்போம், சொல்லிடுவோம். திருடனுக்கு எப்படித் தெரியும்?"

"அது எங்களுக்கே தெரியாதே சார்!" என்றது பின்வரிசை.

"ஜூலை ஒண்ணு!" என்று மண்டபம் முழுக்க ஒரே குரலில் கத்திச் சிரித்தது. நானும் சிரித்தேன். இருநூறு பேர் ஒரே குரலில் சொல்லக்கூடிய ஒரு ரகசியத்தில் என்ன கோளாறு என்று எனக்கு அன்று தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பது இன்றும் புரியவில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, சித்திரை வெயிலில், அலமேலு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மஞ்சள் பையில் பாலிசித் தாள், வேலூர் ஆஸ்பத்திரிச் சீட்டு. அவர் கணவர் ஏகாம்பரத்துக்கு இதய வால்வு பழுது. தறியில் உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது. ஆடி முடிவதற்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாலிசி அலமேலு பெயரில். ஆஸ்பத்திரியில் எண்ணைத் தட்டிப் பார்த்தவர்கள், பாலிசி முடக்கப்பட்டிருக்கிறது என்றார்களாம்.

"இன்னா சார் முடக்கம்? ஒரு வருசம் கூட வுடாம கட்டிகினு வரேன்."

கூடவே ஆட்டோவில் வந்திருந்த ஏகாம்பரம் நிழலில் மூச்சைச் சேகரித்துக்கொண்டு சொன்னார்: "அதில்ல சார் காமெடி. எனக்கு எங்கியோ வடக்க பித்தப்பைய எடுத்துட்டாங்களாம். கம்ப்யூட்டர்ல கீதாம். நான் எப்ப சார் அந்த ஊருக்குப் போனேன்?"

கண்மணியிடம் போய்த் திரையைப் பார்த்தோம். அலமேலுவின் பாலிசியில் பதிவாகியிருந்த கைபேசி எண் மாற்றப்பட்டிருந்தது. வங்கிக் கணக்கும் மாற்றப்பட்டிருந்தது. பிறகு வட நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் போலி ரசீது போயிருக்கிறது, ஏகாம்பரத்தின் பித்தப்பைக்காக. அங்கேதான் கம்பெனி விழித்துக்கொண்டு, பாலிசியை முடக்கியிருக்கிறது. அதாவது, அலமேலுவைக் காப்பாற்றியிருக்கிறது. இனி அனுமதிக்கான ஓடிபி எல்லாம் அந்த மாற்றிய எண்ணுக்குத்தான் போகும்.

"உங்களுக்குப் போன் ஏதாவது வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"வந்துது சார். பங்குனியில. ஹெல்த் இன்சூரன்சுலருந்து பேசறோம், புதுக் கார்டு வந்துகீதுன்னாரு. நான் வுடுவனா? நீங்க சொன்னாப்பலயே கேட்டேன். என் பொறந்த தேதி இன்னா, சொல்லு பாக்கலாம்னு."

"என்ன சொன்னான்?"

"பட்டுனு சொன்னாரு சார். 'ஜூலை ஒண்ணும்மா'ன்னு. ஆளு கரெக்டுன்னு அப்புறந்தான் பாலிசி நம்பரு, ஆதாரு, வந்த ஓடிபி எல்லாம் சொன்னேன். நீங்க சொன்ன ரூலைத் தாண்டல சார்."

தாண்டவில்லை. நான்தான் தாண்டியிருந்தேன்.

அவனுக்கு அந்தத் தேதி எப்படித் தெரிந்தது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஜெராக்ஸ் கடையைச் சந்தேகித்தேன். ஏஜென்டைச் சந்தேகித்தேன். ஒரு சாயங்காலம், காரணமே இல்லாமல், கண்மணியைக்கூடச் சந்தேகித்தேன். விடை, அலமேலு வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி விசைத்தறி ஓட்டும் மாசிலாமணியிடம் இருந்தது. நான் விசாரிக்கிறேன் என்று கேள்விப்பட்டு, தன் வீரத்தைச் சொல்ல அவரே வந்தார்.

"எங்கிட்டயும் பண்ணான் சார் அந்தப் பையன். நான் யாரு? பொறந்த தேதி இன்னாடான்னேன். பேந்தப் பேந்த முழிக்கிறான். 'ஏண்டா, இந்தத் தெருவுல சின்னக் கொயந்தையக் கேட்டாக்கூட ஜூலை ஒண்ணுன்னு சொல்லும். அது கூடத் தெரியாம இன்சூரன்ஸ்னு சொல்லிகினு போன் பண்றியா, வைடா'ன்னு வுட்டேன் பாரு. இன்னா சார், சரியா வுட்டனா?"

"எப்ப பண்ணான்?"

"அலமேலக்காக்கு வந்துச்சே, அதுக்கு முந்தின நாளு."

மாசிலாமணியைத் திட்ட வாய் வரவில்லை. விதியை அவர் மிகச் சரியாகப் பின்பற்றியிருந்தார். தகவல் ஒன்றும் தரவில்லை, ஒரே ஒரு தகவலைத் தவிர. அது தெரு முழுவதற்கும் சாவி. அதைச் செய்து எல்லார் இடுப்பிலும் கட்டிவிட்டவன் நான்.

புகார் எழுதினேன். புகார் எழுதுவதில் எனக்குக் குறை சொல்ல முடியாது. சைபர் குற்றப் பிரிவில் மனு, கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு கடிதம், அதன் மேலிடத்துக்கு ஒரு நகல், எல்லாம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். இவற்றைக் குறிக்க ஒரு நோட்டு போட்டேன். ஐந்து கட்டம்: வரிசை எண், அனுப்பிய தேதி, யாருக்கு, பொருள், பதில் வந்த தேதி. முதல் நான்கு கட்டமும் சட்டென்று நிரம்பின.

அலமேலுவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். "இனிமே ஜூலை ஒண்ணுங்கறதை எவன் கேட்டாலும் வெளிய சொல்லக் கூடாது. புரியுதா?"

"சத்தியமா சொல்ல மாட்டேன் சார்."

இரண்டு வாரத்தில் பதிலுக்குப் பதிலாக ஒரு குறுஞ்செய்தி வந்தது, என் எண்ணுக்கு. வாடிக்கையாளரின் அடையாளம் பொருந்தாததால் புகார் முடித்துவைக்கப்பட்டது. ஒன்றும் புரியாமல் சேவூருக்கு ஓடினேன். அலமேலு தறிக்கு முன்னால் சாம்பல் விரலோடு உட்கார்ந்திருந்தார்.

"போன் வந்துச்சா?"

"வந்துது சார். ஒரு பொம்பள. இந்தில ஆரம்பிச்சி அரைகொறைத் தமிழ்ல வந்துது. வெரிபிகேசனாம், பொறந்த தேதி கேட்டுது."

"என்ன சொன்னீங்க?"

"ஐப்பசி மாசம், தீபாவளிக்கு மறுநாளுன்னு சொன்னேன்."

"ஏம்மா?"

அலமேலு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்கதான சார் ஜூலை ஒண்ண வெளிய சொல்லாதன்னீங்க? அதான் நெசமானதச் சொன்னேன்."

அந்தத் திண்டாட்டத்தை எப்படி விளக்குவது? பொய்யான ஆள் பொய்யான தேதியைச் சொன்னான், கம்பெனி அவனை நம்பியது. நிஜமான ஆள் நிஜமான தேதியைச் சொன்னார், கம்பெனி அவரை நம்பவில்லை. திருடன் பேசிய விதம் ஆபீஸ் மாதிரி இருந்தது. ஆபீஸ் பேசிய விதம் திருடன் மாதிரி இருந்தது. விதிப்புத்தகத்தை நான் எந்தப் பக்கத்திலிருந்து பிரித்தாலும் குற்றவாளியாக அலமேலு வந்து நின்றார், சாட்சியாக நான்.

நேரில் வந்து அடையாளம் காட்டலாம் என்று கண்மணி ஒரு வழி கண்டுபிடித்தார். விரல் ரேகை வைத்தால் போதும். அலமேலு கிளைக்கு வந்தார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு. கட்டை விரல் வைத்தார். இயந்திரம் சிவப்பு காட்டியது. ஆள்காட்டி விரல், சிவப்பு. பத்து விரலும் சிவப்பு. நாற்பது வருடம் சாம்பலும் பட்டு இழையும் உரசி, ரேகை என்று அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆதார் வழியாக ஓடிபி வரவழைக்கலாம் என்றால், அதில் இருந்த கைபேசி எண் எப்போதோ தொலைந்துபோன சிம்.

"நான் இல்லன்னு எல்லா மிஷினும் சொல்லுதே சார்" என்றார் அலமேலு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். ஏகாம்பரம் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் விசிறிக்கொண்டிருந்தார். அலமேலுவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவுருக்கு ஏதாச்சும் ஆச்சின்னா, நான்தான் சார் போன்ல சொல்லிக் கெடுத்தேன்னு ஆயிடும்."

"நீங்க இல்லம்மா. நான்."

"நீங்க இன்னா சார் பண்ணீங்க?" என்றார். கேலி இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அன்று மேலிடத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். இந்த முறை ஆபீஸ் தமிழை விட்டுவிட்டேன். படிவத்தில் பிறந்த தேதியை எழுதியது நான், சுற்றறிக்கைப்படி. அந்தத் தேதியை அடையாளக் கேள்வியாக்கியது நான், எந்தச் சுற்றறிக்கைப்படியும் இல்லை. ஆகவே இந்தப் பெண்மணியின் தவறு என்று உங்கள் கோப்பில் இருப்பதை எல்லாம் என் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அவருடைய எண்ணை அவருக்கே திருப்பித் தாருங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கண்மணி அதனோடு அலமேலுவின் புகைப்படமும், அவரைத் தானே நேரில் பார்த்ததாக ஒரு சான்றும் இணைத்தார். என் வேலைக்காலத்தில் எந்த மேலாளரும் விதியில் இல்லாத ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டு நான் பார்த்ததில்லை.

வைகாசி முடிந்தது. ஆனி பிறந்தது. நோட்டில் ஐந்தாவது கட்டம் காலி. ஏகாம்பரம் ஆட்டோவில் இருந்து இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை தேதி கொடுத்து இரண்டு முறை தள்ளினார்கள்.

பிறகு ஒரு காலை, ஆறரை மணிக்கு, அலமேலுவின் போன்.

"சார், மறுபடி ஆரம்பிச்சிட்டான் சார் அந்தப் பேமானி! மெசேஜ் போட்டுகீறான். எனக்குப் பொறந்தநாளாம். வாழ்த்தாம். என் பேரெல்லாம் போட்டுகீறான். நான் எதையும் அமுக்கல. போனை அரிசிப் பானையில போட்டு மூடிட்டேன். எங்க வூட்டுக்காரரு போன்லருந்து பேசறேன்."

தூக்கக் கலக்கத்தில் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வாழ்த்து அனுப்புகிற திருடனா? சுவரில் காலண்டரைப் பார்த்தேன். பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பதிவான எண்ணுக்குத்தான் அந்த வாழ்த்துப் போகும். அது இவருடைய போனுக்கு வந்திருக்கிறது என்றால்...

அப்படியும் நம்பிக்கை வரவில்லை. இந்த மூன்று மாதத்தில் எது மெய், எது பொய் என்று சொல்லும் தெம்பு என்னிடம் இருந்து போய்விட்டது. ஒரே ஒரு விதிதான் கையில் மிச்சம் இருந்தது. ஒரு மனிதர் கையைக் கோத்துக்கொண்டு போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது.

"அம்மா, பாலிசித் தாளை எடுங்க. அடியில நம்பர் இருக்கும். அதுக்கு நீங்களே கூப்பிடுங்க. நான் வைக்கிறேன்."

"ஒண்ணு அமுக்கு, ரெண்டு அமுக்குன்னு..."

"அமுக்குங்க."

வைத்துவிட்டேன். காபி ஆறியது. நாற்பது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். மூச்சிரைத்தது. "ஒரு ஆளு பேசினாரு சார். நேத்தி சாயங்காலமே பழையபடி என் நம்பருக்கே மாத்திட்டாங்களாம். பாலிசி முடக்கம் எடுத்துட்டாங்களாம். ஜல்தி கெளம்புங்க சார், வேலூரு போலாம்."

ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் ஜன்னலில் ஓர் இளம்பெண். விவரங்களைத் தட்டினாள். அலமேலுவின் கையில் போன் அதிர்ந்தது.

"ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்கம்மா."

அலமேலு போனை மார்போடு அணைத்துக்கொண்டார். "சொல்லலாமா சார்?"

அந்தச் செய்தியை நான் படித்தேன். இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே இருந்தது. சொல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று ஜன்னல் சொன்னது. சுவரோரத்தில் சக்கர நாற்காலியில் ஏகாம்பரம். பின்னால் வரிசை நீண்டது. விதி எல்லாம் தெரிந்த நான் அந்தச் செய்தியையே இன்னொரு முறை படித்தேன்.

"சொல்லுங்கம்மா, டைம் முடிஞ்சிடும்" என்றாள் அந்தப் பெண்.

"வாயால சொல்ல மாட்டேன்மா. கோச்சிக்காத. அந்தப் பொட்டிய இப்படித் திருப்பு. நானே அமுக்கறேன்."

அந்தப் பெண் விசைப்பலகையை ஜன்னல் வழியே நீட்டினாள். அலமேலு ஒவ்வொரு எண்ணாகப் போனில் பார்த்து, இழை சேர்க்கிற அதே நிதானத்தோடு, ரேகை இல்லாத ஆள்காட்டி விரலால் ஆறு முறை அமுக்கினார். திரை பச்சையானது.

நடைமுறையில் இதற்கு இடம் உண்டா என்று கையேட்டில் தேடிப் பார்த்தேன். இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏகாம்பரத்துக்கு அந்த வாரமே வால்வு மாற்றினார்கள். இப்போது தினமும் பஸ் நிறுத்தம் வரை நடந்து போய், வழியில் பார்க்கிறவர்களிடம் தனக்குப் பித்தப்பை இன்னும் இருக்கிறது என்று அறிவிக்கிறார். அந்தத் தெருவுக்கு எவனாவது போன் செய்தால் பிறந்த தேதி யாரும் கேட்பதில்லை. வைத்துவிட்டுத் தாளைத் தேடுகிறார்கள். மாசிலாமணி மட்டும் வைப்பதற்கு முன் கொஞ்சம் திட்டிக்கொள்கிறார்.

என் கடிதங்களுக்கு எழுத்து மூலமான பதில் எதுவும் இதுவரை வரவில்லை. இனியும் வராது என்பது என் அனுபவம். ஆனால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. அன்று வேலூரிலிருந்து வீடு திரும்பியதும் நோட்டை எடுத்து, தேவசகாயம் சாரைப் போல ஒரு மர ஸ்கேலைக் கடைசிக் கடிதத்தின் வரிக்குக் கீழே வைத்து, ஐந்தாவது கட்டத்தை நிரப்பினேன்.

பதில் வந்த தேதி: ஜூலை ஒன்று.